கையால் செய்த அச்சில் கண்ணாடி வார்ப்பு: களிமண் உருவிலிருந்து மெருகு வரை

சூளையில் கண்ணாடி வார்க்கலாம் என்றதும் எல்லோரும் கேட்பது, "எத்தனை டிகிரியில் உருகும்?" என்பதைத்தான். 830 டிகிரி செல்சியஸ் என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். மின்சூளையின் கன்ட்ரோலரில் அந்த எண்ணைப் பதிந்துவிட்டால் உருக்கும் வேலையைச் சூளையே பார்த்துக்கொள்ளும். வார்ப்பு முழுதாக வருமா, விரிசல் விட்டு வருமா என்பதைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு: அச்சு எவ்வளவு உலர்ந்திருக்கிறது, கண்ணாடி எவ்வளவு மெதுவாக ஆறுகிறது. அதனால் இந்த இரண்டுக்கும்தான் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கண்ணாடியை அச்சில் வார்ப்பது, குழாயால் ஊதி உருவாக்குவதைவிடப் பல நூற்றாண்டுகள் பழைய முறை. ஊதும் முறை பரவியபின் அது ஒதுங்கிப்போனது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுச் சிற்பி ஆன்றி க்ரோ, அரைத்த கண்ணாடியை அச்சில் வைத்துச் சுடும் முறையை மீட்டெடுத்தார். 20ஆம் நூற்றாண்டில் செக் நாட்டின் ஸ்டானிஸ்லாவ் லிபென்ஸ்கியும் யாரோஸ்லாவா பிரிக்தோவாவும் அதை ஆள் உயரச் சிற்பங்கள்வரை கொண்டுபோனார்கள். அவர்களுடைய வேலைகளில் நிறத்தின் அடர்த்தியை முடிவு செய்வது கண்ணாடியின் தடிமன். மெல்லிய இடம் வெளிறித் தெரியும், தடித்த இடம் இருண்டு தெரியும், அத்தனையும் ஒரே கண்ணாடிதான். வார்ப்புக் கண்ணாடியின் தனிச்சிறப்பாக நான் கருதுவது இதைத்தான். உருவை வடிக்கும்போதே ஒளி எங்கே நுழையும், எங்கே தங்கும் என்று யோசித்து வடியுங்கள்.

இங்கே எடுத்துக்காட்டாக ஒரு சிறிய மீனை எடுத்துக்கொள்வோம்: நீளம் 12 செ.மீ., அகலம் 7 செ.மீ., அதிகபட்சத் தடிமன் 2.5 செ.மீ. அடிப்பக்கம் தட்டையானது (முதுகுப்பக்கம் என்று பின்னால் சொல்வது இதைத்தான்), மேற்பக்கம் புடைப்பானது. முதல் வேலைக்கு இதைவிடப் பெரிதாகப் போக வேண்டாம்.

வேலையைத் தொடங்குமுன்

அச்சுக்குத் தேவையான சிலிக்கா மாவு மிக நுண்ணிய தூள். நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது. தொடர்ந்து சுவாசித்தால் சிலிக்கோசிஸ் என்னும் குணப்படுத்த முடியாத நோய் வரும். துணி முகக்கவசம் இதற்குப் போதாது. முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் என்95 அல்லது அதைவிட உயர்ந்த சுவாசக் கவசம் தேவை. தூளை எடையிடும்போதும், கலக்கும்போதும், சுட்ட அச்சை உடைக்கும்போதும் அதைக் கழற்றக் கூடாது. சிந்திய தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். இதில் எந்தச் சலுகையும் இல்லை.

இன்னொன்று: பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். கை, கால் என உடலின் எந்தப் பகுதியையும் நேரடியாகப் பிளாஸ்டரில் புதைத்து அச்செடுக்க முயல வேண்டாம். ஆழமான தீக்காயம் ஏற்படும்.

கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தல்

ஒரே வார்ப்பில் சேரும் கண்ணாடிகள் எல்லாம் சூட்டில் ஒரே அளவு விரிந்து, ஆறும்போது ஒரே அளவு சுருங்க வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு மெதுவாக ஆற்றினாலும் பிளந்துவிடும். சூளை வேலைக்கென்று விற்கும் கண்ணாடிகளில் 90, 96 என்று குறித்திருப்பது இந்த விரிவுக் குணகத்தைத்தான். 90ஐயும் 96ஐயும் ஒருபோதும் கலக்காதீர்கள். எண் ஒன்றாக இருந்தாலும் வெவ்வேறு நிறுவனங்களின் கண்ணாடிகள் ஒத்துப்போகும் என்று உறுதியில்லை. ஒரே நிறுவனம், ஒரே வரிசை என்று இருந்துவிடுவது நல்லது.

உடைந்த சன்னல் கண்ணாடியும் பாட்டிலும் பயன்படாதா என்று கேட்பவர்கள் உண்டு. உருகும், ஆனால் எளிதில் பாயாது. நீண்ட நேரம் சூட்டில் இருந்தால் மேற்பரப்பு படிகமாகி வெண்மை படரும். முதல் வார்ப்புக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கண்ணாடி எந்த வடிவில் அச்சுக்குள் போகிறதோ, அதைப் பொறுத்துத் தெளிவு மாறும். பெரிய கட்டிகளாக இட்டால் குமிழிகள் குறைந்து தெளிவாக வரும். பட்டாணி அளவுக் குருணை இட்டால் இடையில் சிக்கும் காற்று நுண்ணிய குமிழிகளாக நின்று, ஒளி உள்ளே மெல்லப் பரவும். தூளாக இட்டால் ஏறக்குறைய ஒளிபுகாத, கல் போன்ற தோற்றம் கிடைக்கும். மீனுக்குப் பெரிய குருணை ஏற்றது. நிறத்தில் ஒரு எச்சரிக்கை: கடையில் மெல்லிய தகடாகப் பார்க்கும்போது அழகாக இருக்கும் நீலம், 2.5 செ.மீ. தடிமனில் ஏறத்தாழக் கறுப்பாகிவிடும். வார்ப்புக்கென்று வரும் வெளிறிய நிறங்களை வாங்குங்கள். இல்லாவிட்டால் அடர்நிறக் குருணையில் ஒரு பங்கை நிறமற்ற குருணை பல பங்குடன் கலந்துகொள்ளுங்கள்.

உருவை வடித்தல்

களிமண்ணிலும் வடிக்கலாம், மெழுகிலும் வடிக்கலாம். உள்மடிப்பு அதிகம் இல்லாத மீனுக்குக் களிமண்ணே போதும். அச்சு இறுகியதும் களிமண்ணைத் தோண்டி எடுத்துவிடலாம். எல்லாப் பக்கமும் உருண்டு திரண்ட சிற்பமானால் மெழுகுதான் வழி. அதை நீராவியால் உருக்கி வெளியேற்ற வேண்டும். எந்த முறையானாலும் அச்சு ஒரே ஒரு வார்ப்புக்குத்தான். கடைசியில் அதை உடைத்தே கண்ணாடியை எடுக்கிறோம்.

வடிக்கும்போது மனத்தில் வைக்க வேண்டியது தடிமன். 25 மி.மீ. உடலில் 3 மி.மீ. வால் ஒட்டிக்கொண்டிருந்தால் வால் முதலில் ஆறும், உடல் பின்னால் ஆறும், இரண்டுக்கும் இடையில் விரிசல் விழும். வாலைக் குறைந்தது 10 மி.மீ. தடிமனாக வைத்து, உடலோடு சரிவாக இணையுங்கள். உருகிய கண்ணாடி தண்ணீரைப் போல ஓடாது, குளிர்ந்த தேனைப் போல மெதுவாக நகரும். ஊசிமுனைகளும் கத்தி போன்ற விளிம்புகளும் முழுமையாக நிரம்பாது. ஆனால் செதில் கோடு, விரல் ரேகை, களிமண்ணில் பட்ட துணியின் நெசவு போன்ற மேலோட்டமான பதிவுகள் வியக்கும் அளவுக்குத் துல்லியமாகக் கண்ணாடியில் ஏறும்.

மீனை நேராகப் பலகையில் வைக்காமல், அதன் வெளிவடிவத்தைவிடச் சற்றே அகன்ற, 3 செ.மீ. உயரமுள்ள களிமண் மேடையின்மேல் வையுங்கள். அச்சைத் திருப்பிப் போடும்போது மேடை இருந்த இடம்தான் கண்ணாடியைக் கொட்டும் தொட்டியாகும். குருணையில் பாதிக்குப் பாதி காற்று. அதனால் உருகிய கண்ணாடி பிடிக்கும் இடத்தைப்போல ஏறத்தாழ இரு மடங்கு இடம் குருணைக்கு வேண்டும்.

எவ்வளவு கண்ணாடி வேண்டும்?

களிமண் உருவாக இருந்தால், அச்சிலிருந்து தோண்டி எடுத்த மீனின் களிமண்ணை வீணாக்காமல் சேர்த்து, அளவுகோடு உள்ள குவளையில் தண்ணீருக்குள் அமிழ்த்துங்கள். மேடையின் களிமண்ணை இதில் சேர்க்க வேண்டாம். நீர்மட்டம் எத்தனை மில்லிலிட்டர் உயர்கிறதோ அதை 2.5ஆல் பெருக்கினால் தேவையான கண்ணாடியின் எடை கிராமில் கிடைக்கும். சாதாரணச் சோடாச் சுண்ணக் கண்ணாடியின் அடர்த்தி அவ்வளவு. மெழுகு உருவானால் இன்னும் எளிது: மெழுகின் எடையை 2.8ஆல் பெருக்குங்கள். 180 கிராம் மெழுகு என்றால் ஏறத்தாழ 500 கிராம் கண்ணாடி. இதோடு 10 சதவீதம் கூட்டி 550 கிராம் வைத்துக்கொள்ளுங்கள். கூடுதலாக நிற்பதை முதுகுப்பக்கத்தில் தேய்த்துவிடலாம். குறைந்துபோனதை ஒட்ட முடியாது.

அச்சை ஊற்றுதல்

உருவைச் சுற்றி எல்லாப் பக்கமும் 3 செ.மீ. இடைவெளி விட்டுப் பலகைகளால் பெட்டி கட்டுங்கள். மூட்டுகளை வெளிப்புறம் களிமண்ணால் அடையுங்கள். பலகைகளில் சோப்புக் கரைசலைத் தடவிவிட்டால் பிறகு ஒட்டாமல் பிரியும். பெட்டியின் உயரம் மீனின் உச்சிக்கு மேல் 4 செ.மீ. இருக்கட்டும். அந்த 4 செ.மீ.தான் திருப்பிப் போட்டபின் அச்சின் அடித்தளம்.

கலவை விகிதம்: பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஒரு பங்கு, 200 மெஷ் (தூளின் நுண்மையைச் சொல்லும் சல்லடை எண்) அல்லது அதைவிட நுண்ணிய சிலிக்கா மாவு ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. மூன்றும் எடையில் சமம். பிளாஸ்டர் அச்சைப் பிடித்து நிறுத்துகிறது. ஆனால் சூட்டில் சுருங்கி வலுவிழப்பது அதன் இயல்பு. அந்தச் சூட்டைத் தாங்கி நிற்பது சிலிக்கா. ஒரு லிட்டர் கலவைக்கு ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 550 கிராம் வேண்டும். நம் மீனுக்கான பெட்டி 18 × 13 × 10 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், உருவையும் மேடையையும் கழித்து 1.9 லிட்டர் வரும். ஒவ்வொன்றிலும் ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். கலவை பாதியில் தீர்ந்துபோய் மறுபடியும் ஊற்றினால், இரண்டு ஊற்றலுக்கும் இடைப்பட்ட கோடு சூட்டில் பிரியும். கொஞ்சம் கூடுதலாகவே கலந்துகொள்ளுங்கள்.

எப்போதும் தூளைத்தான் தண்ணீரில் தூவ வேண்டும், தண்ணீரைத் தூளில் ஊற்றக் கூடாது. பிளாஸ்டரையும் சிலிக்காவையும் முன்பே உலர்வாகக் கலந்து, கையால் அள்ளி நீர்ப்பரப்பு முழுவதும் பரவலாகத் தூவுங்கள். ஒரு நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு கையுறை அணிந்த கையைக் கலவைக்குள் முழுவதுமாக அமிழ்த்தி, மேலே எடுக்காமலே கட்டிகளை நசுக்கி இரண்டு மூன்று நிமிடம் கலக்குங்கள். கையை மேலே தூக்கித் தூக்கிக் கலக்கினால் காற்று புகுந்துவிடும். அச்சுச் சுவரில் உள்ள ஒவ்வொரு காற்றுக் குமிழியும் கண்ணாடியில் ஒரு பருவாகத் தெரியும்.

முதலில் மென்மையான தூரிகையால் கலவையை மீனின் செதில், கண், வாய்க் குழிகளில் தொட்டு வையுங்கள். பிறகு பெட்டியின் ஒரு மூலையிலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். மட்டம் தானாக உயர்ந்து உருவை மூடட்டும். நேராக உருவின் தலையில் கொட்டாதீர்கள். ஊற்றியதும் மேசையைப் பக்கவாட்டில் லேசாகத் தட்டினால் மீந்த குமிழிகள் மேலே வரும். பெரிய அச்சுகளுக்கு வெளிச்சுவரின் உள்ளே கோழிக்கூண்டுக் கம்பிவலையைச் சுற்றிப் புதைப்பது வழக்கம். அச்சு விரிசல் விட்டாலும் வலை அதைப் பிடித்துக்கொள்ளும். நம் மீனுக்கு அது தேவையில்லை.

மிஞ்சிய கலவையை ஒருபோதும் கைகழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள். குழாயினுள் இறுகிக் கல்லாகிவிடும். வாளியிலேயே இறுகவிட்டு உடைத்துக் குப்பையில் போடுங்கள்.

அரை மணி நேரத்தில் கலவை இறுகிச் சூடாகும். சூடு தணிந்ததும் பலகைகளைப் பிரித்து, அச்சைத் திருப்பி, மேடையையும் மீனையும் மரக்கருவியால் தோண்டி எடுங்கள். உலோகக் கருவி அச்சுச் சுவரைக் கீறிவிடும். ஒட்டியிருக்கும் களிமண்ணை ஈரத் தூரிகையால் துடைத்தெடுங்கள். மெழுகானால் அச்சைக் கவிழ்த்து நிறுத்தி, கீழே தண்ணீர்ப் பாத்திரம் வைத்து, நீராவிக் குழாயை வாயருகே பிடியுங்கள். மெழுகு உருகிப் பாத்திரத்தில் சேரும், அதை மறுபடியும் பயன்படுத்தலாம். மெழுகைச் சூளையிலேயே எரித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். புகையும் கரியும் சூளையையும் கெடுக்கும், கண்ணாடியையும் கெடுக்கும்.

உலர்த்துதல்

நாம் ஊற்றிய தண்ணீரில் பிளாஸ்டர் தன்னோடு பிணைத்துக்கொள்வது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதித் தண்ணீர் அச்சின் நுண்துளைகளில் வெறுமனே நிற்கிறது. 3 கிலோ கலவையில் 800 கிராம் அளவுக்கு அப்படி நிற்கும். இதோடு சூளையில் வைத்தால் நீராவியின் அழுத்தத்தில் அச்சு வெடிப்பு விடும், உருகிய கண்ணாடி அந்த வெடிப்பு வழியே கசியும்.

தொட்டுப் பார்த்து உலர்ந்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். மேற்பரப்பு உலர்ந்தபின்னும் உள்ளே ஈரம் பல நாள் இருக்கும். தராசைத்தான் நம்ப வேண்டும். அச்சைப் பிரித்த அன்றே எடையிட்டு, அச்சின் பக்கவாட்டிலேயே பென்சிலால் எழுதுங்கள். காற்றோட்டமான இடத்தில், அடியில் காற்றுப் புகும்படி குச்சிகளின்மேல் வையுங்கள். தினமும் எடையிட்டு முந்தைய எண்ணுக்குக் கீழே அடுத்ததை எழுதிக்கொண்டே வாருங்கள். முதல் நாட்களில் எடை வேகமாகக் குறையும், பிறகு மெதுவாகும். தொடக்க எடையில் கால் பங்குக்குமேல் குறைந்து, அடுத்தடுத்த நாட்களில் எண் மாறாமல் நின்றால் அச்சு தயார். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்குமேல் ஆகலாம்.

சூளையில் வைத்தல்

குருணையைக் கழுவி, முழுமையாக உலர்த்துங்கள். விரல் எண்ணெயும் தூசியும் படிகமாதலுக்கு இடம் கொடுக்கும். அச்சுக்குள் ஊதியோ உறிஞ்சியோ தூசியை நீக்கிவிட்டு, சூளைத் தட்டில் மெல்லிய மணற்படுகை பரப்பி அதன்மேல் வையுங்கள். ரசமட்டம் வைத்து மட்டம் பாருங்கள். சாய்ந்திருந்தால் மீனின் முதுகு ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் வரும். சூளையின் பக்கத்தில் உள்ள சூடேற்றும் சுருள்களிலிருந்து 5 செ.மீ. இடைவெளி இருக்கட்டும். வெப்பம் அளக்கும் கம்பி அச்சில் படக் கூடாது. தட்டில் கண்ணாடி ஒட்டாமல் தடுக்கும் சூளைப் பூச்சு பூசியிருந்தால், கண்ணாடி கசிந்தாலும் தட்டு தப்பும்.

90 வகைக் கண்ணாடிக்கு, இந்த அளவுள்ள அச்சுக்கு, நான் பயன்படுத்தச் சொல்லும் ஏற்றம் இது:

மணிக்கு 50 டிகிரி வீதம் 95 வரை, அங்கே 6 மணி நேரம்.
மணிக்கு 50 டிகிரி வீதம் 200 வரை, அங்கே 2 மணி நேரம்.
மணிக்கு 100 டிகிரி வீதம் 675 வரை, அங்கே 2 மணி நேரம்.
மணிக்கு 300 டிகிரி வீதம் 830 வரை, அங்கே 3 மணி நேரம்.

95இல் நிற்பது எஞ்சிய ஈரத்தைக் கொதிக்கவிடாமல் ஆவியாக்க. 200 வரை மெதுவாகப் போவது, பிளாஸ்டர் தன்னோடு பிணைத்த நீரையும் இழக்கும் கட்டம் அது என்பதால். இவ்வளவு நேரமும் சூளையின் காற்றுத்துளை திறந்திருக்கட்டும், அறையிலும் காற்றோட்டம் வேண்டும். 573 டிகிரியில் சிலிக்காவின் படிக அமைப்பு மாறி அது சட்டென்று விரிகிறது. அந்த இடத்தைப் பாய்ந்து கடக்கக் கூடாது. 675இல் நிற்கும்போது அச்சும் கண்ணாடியும் ஒரே சூட்டுக்கு வருகின்றன. 700இலிருந்து 800 வரை படிகமாகும் எல்லை. அதனால்தான் அங்கே வேகம் கூடுகிறது.

830இல் கண்ணுக்குத் தகுந்த பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து பார்வைத் துளை வழியாகப் பாருங்கள். குருணையின் முனைகள் மறைந்து பரப்பு மட்டமாக, பளபளப்பாக நின்றால் நிரம்பிவிட்டது. இன்னும் மேடு பள்ளம் தெரிந்தால் நேரத்தை அரை மணி கூட்டுங்கள், சூட்டைக் கூட்டாதீர்கள். சூடு ஏற ஏற அச்சு நொறுங்கும் தன்மை அடையும், கண்ணாடியும் அச்சோடு அதிகம் ஒட்டும்.

ஆற்றுதல்

உருகிய பிறகு 482 டிகிரிவரை சூளை தன் வேகத்தில் இறங்கலாம். அதன் பிறகு ஒவ்வொரு டிகிரிக்கும் கணக்கு உண்டு. கண்ணாடியின் வெளிப்புறம் ஆறி இறுகும்போது உட்புறம் இன்னும் சூடாக இருந்தால், அந்த வேறுபாடு நிரந்தர இறுக்கமாக உள்ளே தங்கிவிடும். சில வார்ப்புகள் சூளைக்குள்ளேயே பிளக்கும். சில, மேசைமேல் வைத்து மாதக்கணக்கு ஆனபின் ஒருநாள் தானாகப் பிளக்கும்.

தடிமன் இரு மடங்கானால் நேரமும் இரு மடங்கு என்று பலர் கணக்கிடுகிறார்கள். அது தவறு. பாதுகாப்பாக ஆற்றும் வேகம் தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது: தடிமன் இரு மடங்கானால் வேகம் கால் பங்காகும். இருபுறமும் சமமாக ஆறும் 25 மி.மீ. பாளத்துக்கு 482இல் 4 மணி நேரம், பிறகு 427வரை மணிக்கு 15 டிகிரி, 371வரை மணிக்கு 27, அதன் பின் மணிக்கு 90. மொத்தம் 14 மணி நேரத்துக்குள் முடியும். 50 மி.மீ. பாளத்துக்கு 482இல் 8 மணி நேரம், பிறகு 3.8, 6.8, 22 என்ற வேகங்கள். மொத்தம் ஏறத்தாழ 47 மணி நேரம்.

நம் மீன் 25 மி.மீ.தான். ஆனால் ஒருபுறம் அச்சுக்குள் புதைந்திருக்கிறது, மறுபுறம் திறந்திருக்கிறது, தடிமனும் ஒரே சீராக இல்லை. ஆகவே 38 மி.மீ. அட்டவணையைப் பின்பற்றுங்கள்: 482இல் 6 மணி நேரம், 427வரை மணிக்கு 6.7 டிகிரி, 371வரை மணிக்கு 12, பிறகு அறைச் சூடுவரை மணிக்கு 40. ஏறத்தாழ 28 மணி நேரம் ஆகும். மின்கட்டணத்தை எண்ணி இதைச் சுருக்க வேண்டாம். இந்தக் கட்டத்தில் சூளை எடுக்கும் மின்சாரம், ஏற்றத்தில் எடுத்ததைவிடக் குறைவுதான்.

அமெரிக்காவின் பலோமர் மலைத் தொலைநோக்கிக்காக 1934இல் கார்னிங் தொழிற்சாலை வார்த்த 200 அங்குலக் கண்ணாடி வட்டு நினைவுக்கு வருகிறது. அது உருகிய கண்ணாடியை ஊற்றி வார்த்தது. முதல் முயற்சியில் அச்சின் உட்பகுதிகளைப் பிடித்திருந்த உலோகப் பிடிகள் சூடு தாங்காமல் விட்டுப்போக, அவை கண்ணாடியில் மிதந்து எழுந்தன. அச்சுப் பிடிப்பை மாற்றி இரண்டாவது வட்டை வார்த்தார்கள், அதை ஆற்ற ஏறத்தாழ 10 மாதம் எடுத்துக்கொண்டார்கள். அளவு எதுவானாலும் இந்த வேலையில் கவனம் போக வேண்டிய இடங்கள் அச்சு, ஆற்றுதல் என்ற அந்த இரண்டேதான்.

கன்ட்ரோலர் அறைச் சூட்டைக் காட்டினாலும் அச்சின் நடுவில் சூடு இருக்கும். இன்னும் அரை நாள் மூடியே வையுங்கள்.

உடைத்து எடுத்தலும் மெருகும்

சுட்ட பிளாஸ்டர் கையால் பிய்க்கும் அளவுக்கு மென்மையாகிவிடும். சுவாசக் கவசம் அணிந்து, அச்சின்மேல் தண்ணீர் தெளித்து, தூசி எழாமல் மரக்குச்சியால் ஓரத்திலிருந்து பிரியுங்கள். கண்ணாடியும் அறைச் சூட்டில், தண்ணீரும் அறைச் சூட்டில் இருக்க வேண்டும். செதில்களில் ஒட்டிய வெண்மையை நைலான் தூரிகை எடுக்கும். பிடிவாதமாக நிற்பதைச் சிட்ரிக் அமிலத்தின் நீர்த்த கரைசலில் சிறிது நேரம் ஊறவிட்டுத் தேயுங்கள்.

வெளியே வந்த மீன் மங்கலாக, உறைபனி படிந்ததுபோல இருக்கும். அந்த மங்கலை நான் விரும்புகிறேன். செதில்பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, தட்டையான முதுகுப்பக்கத்தை மட்டும் மெருகேற்றினால் ஒளி பின்னாலிருந்து நுழைந்து முன்னால் பரவும். தடித்த கண்ணாடித் தகட்டின்மேல் சிலிக்கான் கார்பைடு தூளும் தண்ணீரும் விட்டு, 80ஆம் எண்ணில் தொடங்கி 120, 220, 400, 600 என்று (எண் கூடக் கூடத் தூள் நுண்மையாகும்) படிப்படியாகத் தேயுங்கள். ஒவ்வொரு எண்ணிலும் முந்தைய எண்ணின் கீறல்கள் முழுமையாக மறைந்த பின்னரே அடுத்ததற்குப் போக வேண்டும். எண் மாற்றும்போது மீனையும் தகட்டையும் கைகளையும் கழுவுங்கள். 80ஆம் எண்ணின் ஒரு துகள் 400இல் கலந்தால் திரும்பவும் முதலிலிருந்து வரவேண்டியதுதான். கடைசியில் கம்பளி வட்டில், மெருகுத் தூளான சீரியம் ஆக்சைடின் குழம்பு. எந்த நிலையிலும் உலர்வாகத் தேய்க்கக் கூடாது.

முடித்த வார்ப்பை, ஒளியின் அதிர்வை ஒரே திசையில் மட்டும் விடும் இரண்டு துருவமுனைப்புத் (போலரைசிங்) தகடுகளுக்கு நடுவே வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். தகடுகளை ஒன்றுக்கொன்று குறுக்காகத் திருப்பினால் வெளிச்சம் மறையும். மீனும் இருட்டாகவே தெரிந்தால் நன்றாக ஆறியிருக்கிறது. வால் இணையும் இடத்தில் வெண்மையான ஒளிவட்டம் தெரிந்தால் அங்கே இறுக்கம் இருக்கிறது. அடுத்த வார்ப்பில் அந்த இணைப்பைத் தடிமனாக்குங்கள், அல்லது அட்டவணையில் ஒரு படி தடித்த அளவுக்குப் போங்கள்.